நகர நடுவிலா, மரத்தடித் தெருவிலா, வெளிவட்டத்திலா: எங்கே குடியேறுவது?

வீடு மாற்ற நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கையில் இருக்கும் தொகைக்கு நகர நடுவில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு கிடைக்கிறது. நகரத்தை ஒட்டி, மரம் அடர்ந்த பழைய பகுதியில் கொஞ்சம் பழசான வீடு ஒன்று கிடைக்கிறது. இன்னும் தள்ளிப் போனால் தோட்டத்தோடு புத்தம் புது வீடே கிடைக்கிறது. எதை எடுப்பது?

இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் ஆளை அதிகம் மயக்கும். ஒரு ஞாயிறு சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்துவிட்டு வந்தால் போதும், மனசு அங்கேயே நின்றுவிடும். அந்த ஆசை தப்பில்லை. அப்படிப்பட்ட இடம் வாழ்க்கைக்கு நல்லது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அங்கே நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இரண்டு விஷயங்களுக்குப் போகிறது. ஒன்று, நகரம் பக்கத்தில் இருப்பது. இன்னொன்று, மரங்கள். இரண்டையும் தினமும் அனுபவிக்கிறவருக்கு அது நியாயமான விலை. ஒன்றை மட்டும் அனுபவிக்கிறவர் மற்றதற்குச் சும்மா பணம் கட்டுகிறார். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கைச் சுற்றித்தான்.

## முதலில் அளவுகோல்கள்

வீடு பிடித்துப்போன பிறகு யோசித்தால், அதற்குச் சாதகமான காரணம் மட்டும்தான் கண்ணில் படும். அதனால் பார்க்கப் போகும் முன்பே இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம். கிலோமீட்டர் கணக்கை விடுங்கள். வீட்டைப் பூட்டிய நொடியிலிருந்து வேலையிடத்து நாற்காலியில் உட்காரும் வரை எவ்வளவு நேரம்? அதுவும் காலை நெரிசலில்? இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதிய கட்டுரையில், எந்தக் காலமானாலும் எந்த ஊரானாலும் மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். போக அரை மணி, வர அரை மணி. அதைத் தாண்டும் ஒவ்வொரு நிமிடமும் தூக்கத்திலிருந்தோ பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் கழியும்.

மொத்தச் செலவு. வாடகை அல்லது தவணையோடு பயணச் செலவையும் கூட்டுங்கள். சிகாகோவில் இயங்கும் சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்கிறது. வாடகையை மட்டும் பார்க்கும்போது மலிவாகத் தெரியும் பல இடங்கள் இந்தக் கூட்டலில் மலிவாக இருப்பதில்லை.

தூக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவு நேரச் சத்தம் வீட்டுக்கு வெளியே சராசரியாக 40 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்கிறது. போக்குவரத்து ஓயாத சாலைகள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

நிழல். நகர்ப்புற மரங்களை ஆராயும் செசில் கோனைனென்டைக் 2021-ல் முன்வைத்த 3-30-300 விதி எளிமையானது. வீட்டிலிருந்து பார்த்தால் குறைந்தது 3 மரங்கள் தெரிய வேண்டும். அந்தப் பகுதியில் 30 சதவீத நிலத்தின் மேல் மரக்கிளைகள் கவிந்திருக்க வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பூங்காவோ பசுமையான திடலோ இருக்க வேண்டும்.

வண்டி இல்லாமல் என்னவெல்லாம் முடியும்? பத்து வயதுப் பிள்ளையும் எழுபத்தைந்து வயதுப் பெரியவரும் யார் தயவும் இல்லாமல் எங்கெல்லாம் போய்வர முடியும் என்று கேட்டுப் பார்த்தால் இதற்கான விடை கிடைத்துவிடும்.

பத்து வருடம் கழித்து. நீங்கள் விரும்பி எடுத்த அம்சம் அப்போதும் அங்கே இருக்குமா?

| | நகர நடுவே அடுக்குமாடி | நகரை ஒட்டிய மரத்தடித் தெரு | வெளிவட்டத்தில் புது வீடு |
|---|---|---|---|
| பயண நேரம் | மிகக் குறைவு | நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் அரை மணியை ஒட்டி | நீளம். நாளுக்கு நாள் மாறும் |
| அதே பணத்துக்கு இடம் | சிறியது | நடுத்தரம் | பெரியது |
| வண்டி | தேவையில்லை | ஒன்று போதும் | வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் |
| இரவுச் சத்தம் | அதிகம் | உள் தெருவில் குறைவு | நெடுஞ்சாலை தள்ளி இருந்தால் குறைவு |
| நிழல் | குறைவு | அதிகம் | மரம் வளரும் வரை இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | பராமரிப்புக் கட்டணம், பார்க்கிங் | பழைய குழாய், ஒயரிங், வேர், கூரை | எரிபொருள், இரண்டாவது வண்டி, நேரம் |
| வரக்கூடிய மாற்றம் | எதிரே உயரமான கட்டடம் | இடித்துக் கட்டுவது, மரம் குறைவது | நெரிசல் கூடுவது |

## நகர நடுவே அடுக்குமாடி

இதன் பலம் நேரம்தான். அதற்கு அடுத்த பலத்தைப் பலர் கவனிப்பதில்லை: வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியதில்லை. பஸ், ரயில் எல்லாமே நடுவில் வந்து கூடுவதால் எந்தத் திசையில் புது வேலை கிடைத்தாலும் சமாளிக்கலாம். கணவன் ஒரு திசை, மனைவி ஒரு திசை என்று போகும் வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது பொதுப் பராமரிப்புக் கட்டணம். மாதாமாதம் கட்டுவதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். லிஃப்ட் மாற்றுவது, வெளிச்சுவர் பழுது பார்ப்பது என்று திடீரென மொத்தமாக வரும் தொகையைக் கேட்பதில்லை. குடியிருப்போர் சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு, கடைசியாக நடந்த பெரிய பழுது என்ன என்று கட்டாயம் கேளுங்கள். பார்க்கிங் தனியாக விலை பேசப்படுகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் வெப்பம். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் மெதுவாக வெளியே விடும். அதனால் நகர நடுவில் இரவும் சரியாகக் குளிர்வதில்லை. மேல்தளம், மேற்குப் பார்த்த சுவர் இரண்டும் சேர்ந்த வீடு என்றால் மின்கட்டணத்தில் அது தெரியும். சத்தத்தில் சராசரியைவிடத் திடீர்ச் சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்: விடிவதற்கு முன் வரும் குப்பை லாரி, கடைக்குச் சரக்கு இறக்கும் வண்டி. வீட்டை மதியம் போய்ப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

தனியாக இருப்பவர், பிள்ளைகள் இல்லாத தம்பதி, இரவுப் பணி உள்ளவர், வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட பெரியவர் ஆகியோருக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

## நகரை ஒட்டிய மரத்தடித் தெரு

இந்தப் பகுதிகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் அவற்றின் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே புரியும். நடந்து மட்டுமே போன காலத்தில் நகரமும் நடை தூரத்துக்குள் அடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் ரயிலும் டிராமும் வந்த பிறகுதான் கொஞ்சம் தள்ளி, தோட்டத்தோடு வாழ முடிந்தது. சிகாகோவுக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டி ரிவர்சைடு என்ற புறநகருக்கு ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வெர்ட் வாக்ஸும் 1869-ல் திட்டம் வரைந்தது இதற்கு நல்ல உதாரணம்: வளைந்து போகும் தெருக்கள், நிறைய மரங்கள், நடுவில் ரயில் நிலையம். கார் வருவதற்கு முன்பே உருவான இத்தகைய இடங்களில் எல்லாமே நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தாக வேண்டிய கட்டாயம். இன்று நமக்குப் பிடிக்கும் சின்னக் கடைவீதியும் குறுகிய தெருவும் அங்கிருந்து வந்தவை. காரை நிறுத்த இடமில்லாமல் திண்டாடுவதும் அங்கிருந்து வந்ததுதான்.

### அன்றாடம் எப்படி இருக்கும்

கோடை மதியத்தில் பெரிய சாலையிலிருந்து இந்தத் தெருவுக்குள் திரும்பும்போது உடம்புக்கே வித்தியாசம் தெரியும். மரம் இரண்டு வேலை செய்கிறது. தார் சூடாகாமல் வெயிலை மறிக்கிறது; வேர் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக விடும்போது காற்றின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. நிழல் இருப்பதால் ஜனங்கள் நடக்கிறார்கள். நடப்பதால் ஒருவரை ஒருவர் தெரிகிறது. பள்ளியிலிருந்து தனியாக வரும் பிள்ளையை நாலு வீட்டுக்காரர்களுக்குத் தெரியும் என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது என்பதற்கும் ஆதாரம் உண்டு. மருத்துவமனைச் சூழலை ஆராய்ந்த ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அது சின்ன ஆய்வு. ஆனாலும் படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்க இதுவே போதும்.

ஒன்றை மட்டும் நம்பிவிடாதீர்கள்: மரம் சத்தத்தைத் தடுக்கும் என்பதை. ஒற்றை வரிசை மரத்தால் போக்குவரத்து இரைச்சல் குறைவது மிகச் சொற்பம். அமைதி வேண்டுமென்றால் பெரிய சாலையிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி உள்ளே இருக்க வேண்டும். அந்த உள் தெருவும் நெரிசல் நேரத்தில் குறுக்குவழியாகிவிடலாம். வழிகாட்டும் செயலிகள் வந்த பிறகு இது கூடியிருக்கிறது. வார நாளில் காலை எட்டு மணிக்கு அங்கே கால் மணி நேரம் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

### மறைந்திருக்கும் செலவு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டின் விலை கண்ணுக்குத் தெரிகிறது, வயது தெரிவதில்லை. பழைய சாக்கடைக் குழாய்களில் இணைப்பு கொஞ்சம் விட்டிருந்தாலும் ஈரத்தைத் தேடி வேர் உள்ளே போய்விடும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஆகும் செலவு, பிறகு தரையைத் தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஒயரிங் அந்தக் காலத்து நாலு விளக்குக்கும் இரண்டு மின்விசிறிக்கும் போட்டதாக இருக்கலாம். ஏசி, மின்சார அடுப்பு, கார் சார்ஜர் எல்லாம் அது தாங்காது.

களிமண் பூமியாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வறட்சியில் பெரிய மரம் மண்ணிலிருந்து நீரை இழுக்க, மண் சுருங்கி அடித்தளம் இறங்கும். ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் இருக்கிறதா, புதிதாகப் பூசி மறைத்திருக்கிறார்களா என்று கையால் தடவிப் பாருங்கள். பார்த்ததும் மரத்தை வெட்டிவிடலாம் என்று அவசரப்படவும் கூடாது. மரம் போனதும் அதே மண் நீரை வாங்கி உப்பி, தரையை மேலே தூக்கும். கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். பல நகரங்களில் உங்கள் மனையில் நிற்கும் மரத்தை வெட்டவே அனுமதி வாங்க வேண்டும்.

சின்னச் சின்னதாகவும் நிறைய இருக்கிறது. இலை உதிரும் பருவத்தில் கூரை ஓரத்து மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரில் இறங்கி உள்ளே ஓதம் காக்கும். நிழல் விழும் பக்கத்து அறை பகலிலும் இருட்டு, துணி காயாது. சோலார் வைக்க நினைப்பவர் பேனலில் பாதி நிழல் விழுந்தாலே உற்பத்தி குறையும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பலத்த காற்றடித்தால் கிளை விழுந்து மின்சாரம் போவதும் இங்கே அதிகம்.

### மரமும் நிரந்தரமில்லை

மரம் நிறைந்த தெருவை வாங்கும்போது அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எல்ம் மரம் மட்டுமே வரிசையாக நின்ற தெருக்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளம் இருந்தன. 20-ஆம் நூற்றாண்டில் டச்சு எல்ம் என்ற பூஞ்சை நோய் பரவியதும் வரிசை வரிசையாக வெட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தை வைத்துத்தான் மர ஆய்வாளர் ஃபிராங்க் சான்டமோர் 1990-ல் 10-20-30 விதியைச் சொன்னார்: நகர மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) 20-க்கு மேல் வேண்டாம், ஒரே தாவரக் குடும்பம் (பேரினங்களின் தொகுப்பு) 30-க்கு மேல் வேண்டாம். அதனால் தெருவில் நடக்கும்போது எத்தனை வகை மரம் இருக்கிறது, பெரிய மரங்களுக்கு நடுவே புதிதாக நட்ட கன்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் ஒரே இனம், ஒரே வயது என்றால் அவை மூப்படைவதும் ஒன்றாகத்தான் நடக்கும்.

பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவது இன்னொரு மாற்றம். இதை எல்லாரும் எதிர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நகரத்துக்குப் பக்கத்தில் நாலு குடும்பம் கூடுதலாக வாழ முடிந்தால் அது நல்லதுதான். பயணிகள் கூடினால் பஸ்ஸும் அடிக்கடி வரும், கடைவீதியும் பிழைக்கும். கெடுதல் எங்கே வருகிறதென்றால், மனை முழுவதையும் சிமெண்டால் மூடும்போது. மரம் போகிறது, மழைநீர் மண்ணில் இறங்காமல் தெருவில் நிற்கிறது. சமீபத்தில் கட்டியவர்கள் எவ்வளவு மண்ணை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அந்தத் தெரு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

### யாருக்குப் பொருந்தும்

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்து, வாரத்தில் மூன்று நாளாவது யாராவது நகரத்துக்குள் போய்வருகிற வீடு, மாலையில் நடக்கிற பழக்கமும் இருந்தால், இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் முழுதாகத் திரும்பி வரும். முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் நிழலை மட்டும்தான் அனுபவிக்கிறார். அதே நிழல் இன்னும் தள்ளியுள்ள பழைய சிற்றூரில் மலிவாகக் கிடைக்கும். காரில் கிளம்பி காரில் திரும்பி, நடக்கவே நடக்காதவருக்குத் தெருவின் பாதிப் பயன் போய்விடுகிறது.

## வெளிவட்டத்தில் புது வீடு

இடம் வேண்டும் என்பது அற்பமான ஆசை இல்லை. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டியிருந்தால், வீட்டிலேயே பட்டறையோ தையல் தொழிலோ வைத்திருந்தால், வெளிவட்டம்தான் வழி. புது வீட்டில் சில வருடங்களுக்குப் பெரிய பழுது வராது. வேலையும் அதே வெளிவட்டத்தில் என்றால் பயணமும் பிரச்சினை இல்லை.

வேலை நகரத்துக்குள் என்றால்தான் கணக்கு மாறும். சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் அலோய்ஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃப்ரேயும் ஜெர்மனியில் திரட்டிய தரவுகளை வைத்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருளியல் கணக்குப்படி நீண்ட பயணத்துக்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்திருக்க வேண்டும். ஆனால் நீண்ட தூரம் போய்வருகிறவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவாக இருப்பதாகவே சொன்னார்கள். பெரிய வீடு சில மாதங்களில் பழகிப்போகும். நெரிசல் பழகுவதில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் அது தினமும் வேறு மாதிரி இருக்கிறது.

"புது ரோடு வருது, அப்புறம் இருபதே நிமிஷம்" என்று விற்பவர் சொல்வார். அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோனி டவுன்ஸ் 1962-லேயே விளக்கியது இதைத்தான்: நெரிசல் நேரத்தில் விரைவுச் சாலைகளின் போக்குவரத்து, சாலை தாங்கும் அளவுக்கு ஏறிவிடும். வேறு வழியில், வேறு நேரத்தில் போனவர்களும் பஸ்ஸில் போனவர்களும் புது சாலைக்கு வந்து சேர்வார்கள். இன்றைக்கு ஓடுகிற பஸ்ஸையும் ரயிலையும் வைத்து முடிவெடுங்கள்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது இங்கே ஒரு குறையும் தெரியாது. பதின்மூன்று பதினான்கு வயதில்தான் தெரியும்: நண்பனைப் பார்க்க, விளையாட, வகுப்புக்குப் போக எல்லாவற்றுக்கும் அம்மாவோ அப்பாவோ வண்டி எடுக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் ஒருவர் தலையில்தான் விழும். யார் தலையில் என்று வீடு வாங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

## வாங்கத்தான் வேண்டுமா?

மரத்தடித் தெருவைப் பொறுத்தவரை வாடகைக்கு இருப்பது புத்திசாலித்தனமான வழி என்று நினைக்கிறேன். நிழலும் நகரம் பக்கத்தில் இருப்பதும் தெருவுக்குச் சொந்தமானவை. பத்திரம் யார் பேரில் இருந்தாலும் அவை குடியிருப்பவருக்குத்தான் கிடைக்கும். வேர், கூரை, ஒயரிங் ஆகியவற்றின் பெரும் செலவு வீட்டு உரிமையாளருடையது. பிள்ளைகளின் பள்ளிக்காலம் வரை அங்கே வாடகைக்கு இருந்துவிட்டு, பிறகு தேவைக்கேற்ப மாறிக்கொள்ளலாம். வாடகைக்காரரைத் திடீரென்று வெளியேற்ற முடியாதபடி சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பலவீனமான இடத்தில் பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுபடும் ஆபத்து உண்டு.

## முடிவெடுக்கும் முன்

வீட்டைக் குறைந்தது மூன்று வேளைகளில் பாருங்கள்: வார நாள் காலை, இரவு பத்து மணிக்கு மேல், பெருமழை பெய்த மறுநாள். வேலைக்குப் போகும் வழியை ஒரு முறையாவது நெரிசல் நேரத்தில் போய்ப் பாருங்கள். நிறுத்தம் இருக்கிறது என்பதோடு நிற்காமல் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரத்துக்கு ஒன்று என்றும் பாருங்கள். கால் மணிக்கு ஒரு பஸ் வந்தால் நேரம் பார்க்காமல் கிளம்பலாம். மணிக்கு ஒன்று என்றால் கடைசியில் கார்தான் வாங்குவீர்கள்.

வீட்டில் ஆளுக்கொரு ஆசை இருந்து முடிவுக்கே வர முடியவில்லை என்றால், வண்டி ஓட்ட முடியாதவர்களின் தேவைக்கு முதலிடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். பெரியவர் தினமும் தனியாக நடந்து போய்வரக்கூடிய இடம், பிள்ளை பயமில்லாமல் சாலையைக் கடக்கக்கூடிய இடம் எது என்று பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் எந்த இடமானாலும் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள்.